உப்புக்கரையில் ஒட்டிப்போன பொத்தான்கள்

கல்முனையைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளில் மூன்று விஷயங்கள் தவறாமல் வரும்: அரசியல், கலவரம், சுனாமி. நெசவைப் பற்றிப் பேச்சு வந்தால் மருதமுனைக்கு ஒரு பந்தி கிடைக்கும். நெல்லைப் பற்றி வந்தால் சம்மாந்துறைக்கு ஒரு பந்தி. மற்றதெல்லாம் விடுபட்டுப் போகும். பஸாரில் ஒரு சின்ன மேசை, ஒரு லாம்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், ஸ்பிரிட் போத்தல் ஆகியவற்றை வைத்துக்கொண்டு கடந்த இருபது வருசத்துக்கும் மேலாகப் போன்களைத் திறந்து மூடுகிற ஆட்களைப் பற்றி ஒரு பக்கம்கூட நாங்கள் வாசித்ததில்லை.

இந்தக் கட்டுரை அவர்கள் செய்கிற வேலைகளில் ஆகச் சின்னதைப் பற்றியது. கையில் பிடிக்கிற கருவியில் ஒரு பொத்தான் ஒட்டிக்கொள்கிறது. அமத்தினால் இறங்குது, ஏறி வாறதில்ல. இல்லாவிட்டால் ஒருதரம் அமத்த ரெண்டுதரம் விழுது. அதைக் கழட்டிக் கழுவித் துடைத்துத் திருப்பி வேலை செய்ய வைப்பது. இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு பொத்தான் எப்படிச் செய்யப்பட்டது, அதை யார் திறக்கலாம், எந்த அழுக்கு அதற்குள் போகும் என்று முன்கூட்டியே நினைத்தார்கள், எதை நினைக்கவில்லை என்று பார்த்தால், அந்தக் கருவி யாரை மனசில் வைத்துச் செய்யப்பட்டது என்பது தெரிந்துவிடும். எங்கள் கரையின் உப்பை நினைத்து யாரும் போன் செய்யவில்லை. அந்தக் குறையை இங்கிருந்தவர்களே தங்கள் கைகளால் அடைத்தார்கள். அதுதான் விஷயம்.

எண்கள் விரலுக்கு வந்த கதை

தொலைபேசியில் எண் பொத்தான் வந்தது 1963இல். அதுவரை வட்டத் தட்டில் விரலை விட்டுச் சுழற்ற வேண்டும். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963 நவம்பர் 18ஆம் திகதி பென்சில்வேனியாவின் இரண்டு சிறு நகரங்களில் பொத்தான் தொலைபேசியைப் பாவனைக்கு விட்டது. அதற்கு முன்பு பெல் ஆய்வுகூடத்தில் பொத்தான்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று பல வடிவங்களை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். 1960இல் வந்த அந்த ஆய்வுதான் மேல் வரிசையில் 1, 2, 3 என்ற ஒழுங்குக்கு அடிப்படை. முதல் தொலைபேசிகளில் பத்துப் பொத்தான்தான். நட்சத்திரக் குறியும் கட்டக் குறியும் 1968இல் வந்து சேர்ந்தன. இன்றைக்கும் மீதிப் பணம் பார்க்க நட்சத்திரத்தில் தொடங்கிக் கட்டத்தில் முடிக்கிறோமே, அந்த இரண்டுக்கும் அவ்வளவு வயசு.

கணக்கு இயந்திரத்தில் ஒழுங்கு நேர்மாறு: மேலே 7, 8, 9. அது பழைய கூட்டல் இயந்திரங்களின் வழியில் வந்தது. அதனால்தான் கல்முனை பஸாரில் நாள் முழுக்கக் கல்குலேட்டர் தட்டுகிற ஒருவர் போன் நம்பர் அடிக்கும்போது ஒரு கணம் விரல் தடுமாறும்.

கையில் பிடிக்கிற கல்குலேட்டரின் முதல் மாதிரியை 1967இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பியும் ஜெரி மெரிமனும் ஜேம்ஸ் வான் டாசலும் சேர்ந்து செய்தார்கள். 1972இல் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் விஞ்ஞானக் கல்குலேட்டர் ஒன்றை 395 டொலருக்கு விட்டது. அதில் 35 பொத்தான்கள் இருந்ததால் பெயரே எச்பி-35. அந்தப் பொத்தான்களில் இருந்த எண்கள் மேலே அச்சடித்தவை அல்ல. இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்துச் செய்தவை. எவ்வளவு தேய்ந்தாலும் எண் அழியாது. அதே வருசம் ஜப்பானின் கசியோ நிறுவனம் ஆறு இலக்கம் மட்டும் காட்டுகிற கசியோ மினியை 12,800 யென்னுக்கு விட்டது. ஒன்று பொறியியலாளருக்கு, மற்றது கடைக்காரருக்கு. எங்கள் ஊர்களுக்கு வந்தவை இரண்டாவது வகையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அவற்றில் எண் அச்சாகத்தான் இருக்கும். நெல் மூட்டைக் கணக்கும் சாறன் கணக்கும் பார்த்துப் பார்த்து, கொஞ்ச வருசத்தில் 5உம் 0உம் சமன் குறியும் மழுங்கிவிடும். ஆனாலும் விரலுக்கு இடம் தெரியும்.

ஒரு பொத்தான் அமரும்போது உள்ளே இரண்டு உலோகம் முட்டுகிறது. முட்டிய உடனே அது நின்றுவிடாது. சில மில்லிசெக்கன் துள்ளும். கருவியின் உள்ளே இருக்கிற சில்லு அந்தத் துள்ளலை எண்ணாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அழுக்குப் படிந்தால் துள்ளல் நீளும், சில்லின் பொறுமை முடிந்துவிடும். அப்போதுதான் ஒருதரம் அமத்த ரெண்டு விழுகிறது. 500 என்பது 5500 ஆகும். கடையில் அது பகிடி இல்லை. கொப்பியில் ஒருதரம், கல்குலேட்டரில் ரெண்டுதரம் என்று கூட்டிப் பார்க்கிற பழக்கம் எங்கள் முதலாளிமாரிடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பர்க் காலம்

விலையைக் குறைத்தது ரப்பர். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனி உலோக ஸ்விட்ச் வைப்பதற்குப் பதிலாக, ஒரே சிலிக்கன் ரப்பர் விரிப்பில் எல்லாப் பொத்தானையும் வார்த்துவிடலாம். ஒவ்வொன்றின் அடியிலும் கரி கலந்த ஒரு கறுப்பு வட்டு. அமத்தினால் அந்த வட்டு கீழே உள்ள தகட்டில் இரண்டு கோடுகளை இணைக்கும். ரீவி ரிமோட், மலிவான கல்குலேட்டர், விளையாட்டுக் கருவி எல்லாவற்றுக்கும் இதுதான் உள்ளே.

விளையாட்டுக் கருவிகளுக்கும் கல்குலேட்டருக்கும் உள்ள உறவு தற்செயலானது இல்லை. நிண்டெண்டோவில் வேலை செய்த குன்பெய் யோகோய், ரயிலில் ஒருவர் பொழுதுபோக்குக்காகக் கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் கையடக்க விளையாட்டுக் கருவி பற்றி யோசித்ததாகச் சொல்லப்படுகிறது. 1980இல் வந்த கேம் அன்ட் வோச் அந்த யோசனையின் பலன். 1989இல் கேம்போய் வந்தது. எங்கள் தலைமுறைக்கும் எங்கள் காக்கா, ராத்தாமாரின் தலைமுறைக்கும் கிடைத்தது அதன் மலிவு நிழல்: செங்கல் அடுக்குகிற பிரிக் கேம். பெருநாள் காசில் வாங்கி, பெருநாள் வட்டிலப்பம் தின்ற கையாலேயே விளையாடினால் பொத்தான் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ரப்பர் பொத்தான் கெடுவதற்கு வெளியே இருந்து அழுக்கு வரத்தான் வேணும் என்றில்லை. பழைய ரப்பரில் இருந்து மெல்ல மெல்ல எண்ணெய் கசிந்து, கரி வட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் படலமாக நிற்கும். மேலே விரலின் கொழுப்பு, உள்ளே ரப்பரின் கொழுப்பு. ரிமோட்டைக் கையில் தட்டித் தட்டிச் சனல் மாற்றுகிற மூத்தம்மாமார் அறியாமலே இந்தப் படலத்தோடுதான் சண்டை பிடிக்கிறார்கள்.

போன் வந்த வழி

இலங்கையில் கைத்தொலைபேசி 1989இல் செல்டெல் நிறுவனத்தோடு தொடங்கியது. தெற்காசியாவிலேயே முதல் செல்லுலர் வலையமைப்பு அதுதான். 1995இல் எம்டிஎன் நெட்வொர்க்ஸ் என்ற பெயரில் வந்து பின்னர் டயலொக் ஆன நிறுவனம் டிஜிட்டல் ஜிஎஸ்எம் சேவையைத் தொடங்கியது. ஆனால் 1989இல் கொழும்புக்கு வந்தது கிழக்குக்கு வர யுத்தம் விடவில்லை. எங்கள் ஊர்களில் வெளிநாட்டுக் கோல் என்றால் கொமினிகேஷன் கடைதான். சவூதியிலோ கட்டாரிலோ இருக்கிற வாப்பா இத்தனை மணிக்கு எடுப்பார் என்று சொல்லி, உம்மாமார் பிள்ளைகளோடு வாங்கில் இருந்து காத்திருந்த காலம். 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான் கோபுரங்கள் வடக்கிலும் கிழக்கிலும் வேகமாக எழுந்தன. போன்களில் கணிசமானவை கடையால் வரவில்லை. வளைகுடாவில் இருந்து பெட்டியில் சொக்லட்டுக்கும் அத்தருக்கும் நடுவே வந்தன.

அப்படி வந்தவற்றில் நோக்கியா 3310ஐ எல்லோருக்கும் தெரியும். அது 2000ஆம் ஆண்டில் வெளியானது. முன் மூடியை நகத்தாலேயே கழட்டலாம். கழட்டினால் பொத்தான் விரிப்பு கையோடு வந்துவிடும். ஒரு கருவியும் தேவையில்லை. மூடியை மாற்றி நிறம் மாற்றுவதற்காகத்தான் கொம்பனி அப்படிச் செய்தது. எங்கள் ஆட்கள் அதைக் கழுவுவதற்குப் பாவித்தார்கள்.

2003இல் நோக்கியா 1100 வந்தது. டோர்ச் போன் என்றால் இன்னும் தெரியும். வளரும் நாடுகளை நினைத்தே செய்யப்பட்ட போன் அது. வழுக்காத பக்கங்கள், உச்சியில் டோர்ச், முக்கியமாகத் தூசி போகாமல் ஒரே துண்டாக மூடிய பொத்தான் விரிப்பு. உலகத்தில் 25 கோடிக்கும் மேல் விற்றது. அழுக்கு என்ற ஒன்று இருக்கிறது, போனை வைத்திருப்பவர் வயலிலும் வீதியிலும் நிற்கிறார் என்று ஒரு பெரிய கொம்பனி ஒப்புக்கொண்ட அரிதான தருணம் அது. நோக்கியா 2006இல் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், அதில் பெரும்பகுதி இளம் பெண்கள், அங்கே போன்களைப் பொருத்தினார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசிக்கொண்டு போனைப் பொருத்திய கைகள், இந்தப் பக்கம் தமிழ் பேசிக்கொண்டு போனைத் திறந்த கைகள். இரண்டையும் சேர்த்து எழுதிய வரலாறு எங்கள் கண்ணில் படவில்லை.

பொத்தான் காலத்தில் எஸ்எம்எஸ் எழுதுவது ஒரு உடல் உழைப்பு. 1992 டிசம்பர் 3ஆம் திகதி உலகின் முதல் எஸ்எம்எஸ்ஸை நீல் பப்வேர்த் என்ற இளம் பொறியியலாளர் அனுப்பியபோது அதைக் கணினியில்தான் அடித்தார், போனில் எழுத வசதி இருக்கவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் பன்னிரண்டு பொத்தானில் அடித்தோம். ஆங்கில எழுத்தில் ‘வாப்பா’ என்று எழுத 8ஐ மூன்றுதரம், 2ஐ நிறுத்தி நிறுத்தி இரண்டுதரம், 7ஐ நிறுத்தி நிறுத்தி இரண்டுதரம், பிறகு 2ஐ இன்னொருதரம். மொத்தம் எட்டு அமத்தல். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘அ’ ஓசை வந்துகொண்டே இருக்கும். அதனால் 2ஆம் பொத்தான் படாதபாடு பட்டது. அது ஒட்டிப்போய் ரெண்டுதரம் விழுந்தால் அடுத்த எழுத்துக்குத் தாவிவிடும். ‘வாப்பா’ யாரோ தெரியாத ஆளாகிவிடுவார். வெளிநாட்டில் இருக்கிறவருக்கு ஊரில் இருந்து போகிற எழுத்து அது ஒன்றுதான் என்கிற வீட்டில், ஒரு பொத்தானைத் துப்புரவாக்குவது அற்ப வேலை இல்லை.

உப்பு என்ன செய்யும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் ஆகக் கூடிய இழப்பு எங்கள் மாவட்டத்தில்தான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று கரையோரத் தெருக்கள் இல்லாமல் போயின. அந்த நாளைப் பற்றி வேறு எத்தனையோ எழுத வேண்டும். இந்தக் கட்டுரைக்குத் தேவையானது ஒன்றுதான்: பிழைத்தவர்களிடம் மிஞ்சிய சில பொருட்களில் கடல் தண்ணி குடித்த போன்களும் இருந்தன. உள்ளே பெயர்கள் இருந்தன. சிலரின் பெயர் அந்தப் பட்டியலில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

கடல் தண்ணி மற்றத் தண்ணி மாதிரி இல்லை. தண்ணி காய்ந்துவிடும், உப்பு காயாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75%ஐத் தாண்டினால் கறியுப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மாரிகாலத்தில் எங்கள் கரையில் ஈரப்பதம் சாதாரணமாக அதற்கு மேலேதான் நிற்கும். ஆகவே காய்ந்துவிட்டது என்று நினைத்த போன், வாடை தொடங்கியதும் உள்ளுக்குள் மறுபடி நனையும். பற்றரியின் மின்சாரம் அந்த ஈரத்தினூடாகச் செம்புக் கோடுகளை அரிக்கும். திறந்து பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் அதே உப்பு காய்ந்து மணலாகும். மாரியில் பிசுபிசுப்பு, கச்சானில் கரகரப்பு. ஒரே பொத்தான், ஒரே உப்பு, இரண்டு நோய்.

சுனாமிதான் வேணும் என்றும் இல்லை. கரைவலை இழுக்கிறவரின் கை, மீன் வாடியில் நிற்கிறவரின் கை, கடற்கரை வீட்டு ஜன்னலால் வருகிற காற்று எல்லாம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அதையே செய்கின்றன. கேரளத்தின் வட கரையில் 1997இலிருந்து போன் சேவை வந்ததும் மத்தி மீன் பிடிக்கிறவர்கள் கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் விலை நல்லது என்று கேட்டுக் கரை சேர்ந்தார்கள் என்பதைப் பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் 2007இல் விரிவாக எழுதினார். விலைகள் ஊருக்கு ஊர் சமப்பட்டன, வீணாகிய மீன் இல்லாமல் போனது என்பது அவருடைய முடிவு. அருமையான ஆய்வு. உப்புக் கையால் அமத்தப்பட்ட அந்தப் போன்களைத் துப்புரவாக்கி ஓட வைத்தவர்களைப் பற்றியும் ஒருவர் அப்படி எழுதியிருக்கலாம்.

இரண்டு அழுக்கு, இரண்டு மருந்து

நாங்கள் பேசிய ரிப்பேர்க்காரர்களில் ஆக வயசில் மூத்த காக்கா, பொத்தானைத் திறக்க முதல் மணந்து பார்ப்பார். “தம்பி, என்னத்தில ஒட்டிரிக்கி எண்டு தெரியாம என்னத்தால கழுவுற?” என்பது அவருடைய கேள்வி. முழு ரசாயனமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அழுக்கில் இரண்டு குடும்பம். ஒன்று தண்ணியில் கரைவது: உப்பு, சீனி, வியர்வையின் உப்பு. மற்றது ஸ்பிரிட்டில் கரைவது: விரலின் கொழுப்பு, ரப்பர் கசிந்த எண்ணெய், கிறீம். உப்பு ஐசோப்ரோபில் ஸ்பிரிட்டில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் கடல் தண்ணி போன போனை நேரடியாக ஸ்பிரிட்டால் கழுவினால் ஈரம் போகும், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். பெரும்பாலானவர்கள் பயப்படுகிற வேலையைத்தான் முதலில் செய்ய வேணும்: தண்ணியால் கழுவுவது. பற்றரியைக் கழட்டி, சிம்மைக் கழட்டி, தகட்டைக் காய்ச்சி வடித்த தண்ணியில் மெதுவாகப் பிரஷ் பண்ணி உப்பைக் கரைத்து எடுத்த பிறகுதான் ஸ்பிரிட். ஸ்பிரிட் அங்கே துப்புரவு செய்ய வருவதில்லை, மிஞ்சிய தண்ணியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாக வருகிறது. காய்ச்சி வடித்த தண்ணிக்கு எங்கே போவது? வாகனப் பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணி அதுதான். எண்ணெய்க் கடையில் போத்தலில் கிடைக்கும். அசிட் போத்தலோடு மாறுபடாமல் பார்த்து வாங்கினால் சரி.

பால் தேத்தண்ணி ஊற்றுப்பட்ட பொத்தானுக்கு இரண்டு மருந்தும் வேணும். சீனிக்குத் தண்ணி, பாலின் கொழுப்புக்கு ஸ்பிரிட். பிளேன்டீ என்றால் தண்ணியே போதும். வட்டிலப்பம் என்றால் பொறுமையும் வேணும்.

ரப்பர் விரிப்பைத் தனியாகக் கழட்டி இளஞ்சூட்டுத் தண்ணியில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்ல தண்ணியில் அலசி நிழலில் காய வைக்கலாம். கரி வட்டைச் சுரண்டக் கூடாது. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சுரண்டினால் கரி போய்விடும், பிறகு கழுவியும் பயனில்லை. போன்களில் விரிப்புக்குக் கீழே குமிழ் மாதிரி சின்ன உலோகத் தகடுகள் ஒரு ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும். அமத்தும்போது ‘டிக்’ என்று விரலுக்குத் தெரிவது அந்தக் குமிழ் மடிவதுதான். அதற்கு அடியில் ஈரம் போயிருந்தால் ஸ்டிக்கரை மெதுவாக உரித்து, பொன் பூசிய வட்டங்களை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்க வேணும். பொன் பூச்சு மிக மெல்லியது. அழிறப்பரால் உரஞ்சினால் அழுக்கோடு பொன்னும் போகும். தின்னர் தொடவே கூடாது, பிளாஸ்டிக்கும் எழுத்தும் சேர்ந்து கரையும்.

இனி அரிசி. போன் தண்ணியில் விழுந்தால் அரிசி வாளிக்குள் போடு என்பது உலகம் முழுக்கப் பரவிய வைத்தியம். நெல் விளைகிற மாவட்டத்தில் அது இன்னும் இலேசாக நம்பப்படுகிறது. அரிசி உப்பை உறிஞ்சாது. சீனியை உறிஞ்சாது. திறந்த காற்றில் வைப்பதைவிடப் பெரிதாக ஈரத்தையும் உறிஞ்சாது. அரிசிக்குள் இருக்கிற மூன்று நாளும் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். போதாததற்கு அரிசி மாவு பொத்தானுக்குள் போய் ஒட்டும். அரிசியைச் சோறாக்குவதே நல்லது.

பொத்தான் போன பிறகு

2007இல் ஐபோன் வந்தது. பொத்தான்கள் கண்ணாடிக்குள் போயின. ஒட்டுகிற பிரச்சினை முடிந்ததாகத் தோன்றியது. முடியவில்லை. பொத்தான்களின் எண்ணிக்கை குறைந்தது, திறக்கிற வழியும் குறைந்தது. நகத்தால் கழட்டிய மூடி இருந்த இடத்தில் இப்போது பசை. ஒலிக் கூட்டல் குறைத்தல் பொத்தான் ஒட்டினாலும் சூடு காட்டிக் கண்ணாடியை உரிக்க வேண்டும், உரிக்கும்போது அது உடையலாம். 3310இல் வீட்டிலேயே முடிந்த வேலை, இன்றைக்குக் கடையிலும் பயந்து பயந்து செய்கிற வேலை.

பணக்காரக் கொம்பனி என்பதால் அழுக்கு விட்டுவிடுவதும் இல்லை. அப்பிள் 2015இல் மக்புக் கணினிகளில் பட்டர்ஃப்ளை என்ற மெல்லிய விசைப்பலகையைக் கொண்டுவந்தது. ஒரு தூசித் துணிக்கை போனாலே விசை ஒட்டியது, இல்லாவிட்டால் இரட்டித்தது. 2018இல் இலவசத் திருத்தத் திட்டம் அறிவித்தார்கள், 2019 கடைசியில் பழைய முறைக்கே திரும்பத் தொடங்கினார்கள், 2022இல் அமெரிக்க வழக்கொன்றில் 5 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டார்கள். 2003இல் ஒரு மலிவுப் போன் கணக்கில் எடுத்த தூசியை, பன்னிரண்டு வருசம் கழித்து ஒரு விலைகூடிய கணினி கணக்கில் எடுக்கவில்லை. மெல்லிசு என்பது வாங்குகிற அன்றைக்குத் தெரியும். தூசி ஆறு மாசம் கழித்துத்தான் தெரியும்.

எங்களுக்கு இது இரசனை பற்றிய பேச்சு மட்டும் இல்லை. 2021 செப்டம்பரில் இலங்கை மத்திய வங்கி 623 பொருட்களின் இறக்குமதிக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் கைத்தொலைபேசியும் இருந்தது. 2022 மார்ச்சில் ரூபா விழுந்தது. சுமார் 200 ரூபாவுக்கு இருந்த டொலர் கொஞ்ச வாரங்களில் 360ஐத் தொட்டது. புதுப் போன் பலரின் கைக்கு எட்டாமல் போன அந்த வருசம், அலுமாரிகளில் கிடந்த பொத்தான் போன்கள் வெளியே வந்தன. நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. நாள்கணக்கில் சார்ஜ் நிற்கிற போனும் அதன் டோர்ச்சும் திடீரென்று பெறுமதியாகின. வருசக்கணக்கில் பூட்டிக் கிடந்ததால் பலவற்றின் பொத்தான் ஒட்டியிருந்தது. அவற்றைத் திறக்கத் தெரிந்த ஆட்கள் ஊரில் இன்னும் இருந்தார்கள் என்பது எங்கள் அதிர்ஷ்டம். அது திட்டமிட்ட எதுவும் இல்லை.

அதிர்ஷ்டம் அடுத்தமுறையும் இருக்குமா? பஸாரில் இப்போது வேலை பழகுகிற தம்பிமார் திரை மாற்றப் பழகுகிறார்கள், மென்பொருள் ஏற்றப் பழகுகிறார்கள். கழட்டி மாற்றுவது வேகம், காசும் உண்டு. கழுவித் திருத்துவது மினக்கேடு. வருகிற ஆட்களும் கேட்பதில்லை. ஒரு பொத்தானை மணந்து பார்த்து இது சீனியா உப்பா என்று சொல்கிற அறிவு ஒரு புத்தகத்திலும் இல்லை. சான்றிதழும் இல்லை. அது இருக்கிற இடம் சில மனிதர்களின் விரல்கள். அவர்கள் கடையைப் பூட்டினால் அதுவும் பூட்டப்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பொருட்களைத் திருத்திப் பாவிக்கும் உரிமைக்காகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. உதிரிப்பாகம் கொடுக்க வேண்டும், திருத்துவதைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். எங்கள் ஊர்களில் அந்த உரிமையைச் சட்டம் இல்லாமலே ஆட்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சட்டமும் இல்லாமல் பதிவும் இல்லாமல் இருப்பது எந்த நேரத்திலும் இல்லாமல் போகக் கூடியது.

ஆகவே எங்களுடைய வேண்டுகோள் சின்னது. வாய்மொழி வரலாறு என்றால் அரசியல்வாதியிடமும் ஆலிமிடமும் புலவரிடமும் போவது எங்கள் வழக்கம். போகத்தான் வேணும். அதே ஒலிப்பதிவுக் கருவியோடு ரிப்பேர் மேசைக்கும் போவோம். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கலைப்பீடத்தில் வருசாவருசம் ஆய்வுத் தலைப்புக்கு அலைகிற எங்களைப் போன்ற மாணவர்கள் இருக்கிறார்கள். எந்த வருசம் எந்தப் போன் ஊருக்குள் வந்தது, எது எதனால் கெட்டது, 2005இல் கடல் தண்ணி குடித்த போன்களை எப்படித் திறந்தார்கள், எத்தனை பிழைத்தது, எதைக் காப்பாற்ற முடியாமல் கையில் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதினால், எங்கள் ஊர்களின் இருபத்தைந்து வருச வரலாறு இன்னொரு பக்கத்தால் திறக்கும்.

அதுவரைக்கும் செய்யக் கூடியது ஒன்று உண்டு. வீட்டில் ஒட்டிப்போன பொத்தானோடு ஒரு பழைய போன் கிடந்தால் எறிய வேண்டாம். பற்றரியைக் கழட்டி வையுங்கள், பற்றரி வீங்கியிருந்தால் அதை மட்டும் வேறாக்குங்கள். பிறகு ஊரில் தெரிந்த கையிடம் கொண்டுபோய், பக்கத்தில் இருந்து எப்படிக் கழுவுகிறார் என்று பாருங்கள். கேள்வி கேளுங்கள். அவர்கள் சொல்லித் தருவார்கள்.